நாற்பத்தொரு அம்புகள்

நான் யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. தோள்பட்டைத் தையலைத்தான் பார்ப்பேன். அதில் கோணல் ஏதும் இல்லை என்றால்தான் மெதுவாக முகத்துக்கு வருவேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவரின் சட்டைக் காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. அன்று முழுக்க நான் பார்த்தது அதை மட்டும்தான். அவருக்கு மீசை இருந்த விஷயமே எனக்கு நிச்சயதார்த்தத்தில்தான் தெரிந்தது. (இதை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

குறை கண்டுபிடிப்பது எனக்குக் குணம் இல்லை, வேலை. அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடமாக செக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் 'அப்பர்' என்போம். மிஷினில் தைத்து வரும் அப்பரைக் கையில் வாங்கி, திருப்பி, டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்காவது தையல் விட்டிருந்தால், நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால், பசை வழிந்திருந்தால், அந்த இடத்தில் சில்வர் பேனாவால் ஒரு சின்ன அம்பு போட்டு, தைத்தவளுக்கே 'ரீவொர்க்' என்று திருப்பி அனுப்ப வேண்டும். சில்வர் பேனா என்றால் வெள்ளி நிறத்தில் எழுதுகிற பேனா. தோலில் எழுதிவிட்டு அதற்கென்று இருக்கும் ரப்பரால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் சுவடே இல்லாமல் போய்விடும். அந்தப் பேனா எப்போதும் என் கொண்டையில் செருகியிருக்கும். சில நாள் அதோடேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

இந்த வேலையில் ஒரு சின்ன சங்கடம் உண்டு. செக்கிங் மேடத்தோடு உட்கார்ந்து யாரும் சாப்பிட மாட்டார்கள். காலையில் யாருடைய முப்பது ஜோடியைத் திருப்பி அனுப்பினேனோ, அவள் மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாளா? கேன்டீனில் நான்கு நாற்காலி போட்ட ஒரு மேஜை எனக்கே எனக்கு. முதல் இரண்டு வருடம் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. புரிந்த பிறகும் என்ன செய்வது, பிசிறு பிசிறுதானே?

அப்படிப்பட்டவளுக்குத்தான் மெர்சி டீச்சர் பழக்கமானார். எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் கடைத்தெருவில் நூல்கண்டு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நான், கேட்காமலேயே, "இது அந்தத் துணிக்கு அரை ஷேடு கம்மி டீச்சர்" என்றேன். வேறு யாராக இருந்தாலும் முறைத்திருப்பார்கள். அவர் நூலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா இல்ல? சனிக்கிழமை மூணு மணிக்கு நம்ம வீட்டுக்கு வாங்களேன்" என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு டீச்சர் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். பூத்தையல் போடுகிறவர்கள், குரோஷா பின்னுகிறவர்கள், குவில்ட் தைக்கிறவர்கள் என்று ஆளுக்கொரு பைத்தியம். குவில்ட் என்றால் துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. அங்கே ஒரே ஒரு சட்டம்தான். அதை டீச்சர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "இங்க ஒருத்தர் தையல இன்னொருத்தர் பிரிக்கக் கூடாது. அவ்ளோதான்."

நான் தயங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். உள்ளேயிருந்து ஷகீலா ஆபா பாயில் பக்கத்து இடத்தைத் தட்டி, "இன்னாம்மா அங்கியே நிக்கிறே? வா, இப்டி குந்து. சுண்டல் துன்னு" என்றார். ஆபா (உருதுவில் அக்கா) பேரணாம்பட்டுக்காரர். அறுபது வயது. கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோர்ப்பார். அவர் நகர்த்திய தட்டிலிருந்து சுண்டலை எடுத்து வாயில் போட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (காரம் ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன்.) அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வாரத்தில் ஆறு நாளும் அந்தச் சனிக்கிழமைக்காகவே ஓடியது.

எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் போயிற்று. எல்லோர் தையலிலும் எல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்கும் அவசரம் வந்தால் உடனே ஒரு பிஸ்கட்டைப் போட்டுக்கொள்வேன். நான்கு கிலோ கூடிவிட்டேன்.

எங்களில் சின்னவள் கௌசல்யா. சோளிங்கரிலிருந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காட்பாடியில் ஒரு ஆபீசில் வேலை; தினமும் ரயிலில் போய் வருவாள். அவளுக்கு ஏழாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்தார்கள். அவளைத் தவிர்த்து நாங்கள் ஒன்பது பேர். ஆளுக்கொரு கட்டம் தைத்து, ஒன்பதையும் சேர்த்துக் குழந்தைக்கு ஒரு குவில்ட் கொடுப்பதென்று முடிவானது. டீச்சர் கட்டத்தில் கிளி. ஆபா கட்டத்தில் ஜரிகை மாங்காய். என் கட்டத்தில் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு, அங்குலத்துக்கு எட்டுத் தையல், ஸ்கேல் வைத்துத் தைத்தது. (வேறு என்ன எதிர்பார்த்தீர்கள்?)

வளைகாப்புக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை எல்லாம் இணைத்தாயிற்று. சுற்றிலும் ஓரப்பட்டி மட்டும் பாக்கி. டீச்சர் அந்தக் குவில்ட்டை மடித்து என் கையில் கொடுத்து, "ஓரம் நீங்க தைங்க பிரேமா. உங்க கை அளவு தப்பாது" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் சர்டிபிகேட் அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஜன்னல் பக்கமாகக் குவில்ட்டை விரித்தேன். பட்டி வைப்பதற்கு முன்னால் நூல்முனை ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்போம் என்று நினைத்தேன். வெறும் பார்வைதான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

லைன் சூப்பர்வைசர் பாஸ்கர். மறுநாள் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிறார். அதனால் அன்று கம்பெனியில் ஓவர்டைம். அவனுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது போனிலேயே தெரிந்தது.

"மேடம், டங்குல தையல் லைட்டா வளைஞ்சிருக்கு மேடம். விட்றலாமா?" (டங் என்றால் ஷூவின் நாக்கு.)

"லைட்டா வளைஞ்சா வளைஞ்சதுதான். அம்பு போடு."

"பின்பக்கம் ஒரு தையல் விட்டிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் மேடம்."

"அம்பு போடு."

"நூல் பிசிறு…"

"பாஸ்கரு, நீ இன்னா என்னைக் கேட்டுக்கினே இருக்கே? கண்ணுல பட்டா அம்பு. யோசிக்கவே கூடாது."

இப்படியே நாற்பது நிமிடம் போயிற்று. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவனுக்கு வேலை சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன், "ரொம்ப தாங்க்ஸ் மேடம், உங்களால தப்பிச்சேன்" என்று வைத்தான். நான் கழுத்தை நிமிர்த்தினேன். வலது கையில் சில்வர் பேனா இருந்தது. அது எப்போது கொண்டையிலிருந்து இறங்கி வந்தது என்று எனக்குத் தெரியாது.

குனிந்து பார்த்தேன்.

கிளியின் மூக்கில் ஓர் அம்பு. வாலில் மூன்று. ஜரிகை மாங்காயைச் சுற்றி ஏழு. ஒவ்வொன்றும் அழகாக, துல்லியமாக, எங்கே தப்போ அங்கே குறிபார்த்து நின்றது. எண்ணினேன். நாற்பத்தொன்று. எட்டுக் கட்டத்திலும் அம்பு. என்னுடைய கட்டத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

சட்டப்படி பார்த்தால் நான் யார் தையலையும் பிரிக்கவில்லையே என்று ஒரு நிமிடம் எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்தேன். கேஸ் நிற்கவில்லை.

சரி, அழித்துவிடலாம் என்று கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து ஓர் அம்பைத் தேய்த்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு ஞானம் வந்தது. தோல் வேறு, பருத்தித் துணி வேறு. தோலில் மேலாக நிற்கிற மை துணியில் உள்ளே போய்க் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடுகிறது. அம்பு போகவில்லை, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் பரவியது. சோப்பு போட்டேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பற்பசை போட்டேன். கிளிக்கு மூக்கில் புதினா வாசனை வந்ததுதான் மிச்சம். அம்பு அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது.

தூங்கி எழுந்து வந்த என் கணவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கிளிய யாரோ வேட்டையாடன மாதிரி இருக்கு."

"ஏங்க, சும்மா இருங்க."

"இது யாரு போர்வை?"

"கௌசல்யா கொழந்தைக்கு."

அவர் சிரிக்காமல் உள்ளே போய்விட்டார். அவர் சிரிக்கவில்லை என்றதும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. குழந்தைக்குக் கொடுக்கிற பொருளைப் பாழாக்கியாயிற்று. எட்டுப் பேர் உட்கார்ந்து ஆசை ஆசையாகத் தைத்ததைத் தப்பு தப்பு என்று எழுதிக் காட்டியாயிற்று. இனிமேல் அந்தப் பாயில் எனக்கு இடம் இருக்குமா? மறுபடியும் நான்கு நாற்காலி மேஜைக்கே போய்ச் சேர வேண்டியதுதானா?

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஓரப்பட்டியைத் தைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. (ஓரப்பட்டி அருமையாக வந்தது. இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.) வியாழக்கிழமை டீச்சருக்கு ஒரு மெசேஜ் அடித்தேன்: 'டீச்சர், கம்பெனியில் வேலை ஜாஸ்தி. இனிமேல் சனிக்கிழமை வர முடியாது.' அனுப்பப் போகிற நேரத்தில் கணவர் எட்டிப் பார்த்தார்.

"குவில்ட்ட கூரியர்ல அனுப்பப் போறியா? நாலு வீடு தள்ளிக் கூரியர் போடுவானா?"

மெசேஜை அழித்தேன். அது மட்டும் சுலபமாக அழிந்தது.

சனிக்கிழமை மூன்று மணி. எல்லோரும் வந்தாயிற்று. கௌசல்யா மட்டும் வரவில்லை. மறுநாள் விசேஷம் என்று வீட்டில் இருந்தாள். நான் பையிலிருந்து குவில்ட்டை எடுத்து, பாயின் நடுவில் விரித்து, போன் வந்த கதையைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். எட்டுப் பேரும் முதலில் அவரவர் கட்டத்தைத்தான் தேடினார்கள். அப்புறம் அடுத்தவர் கட்டத்தில் எத்தனை என்று எண்ணினார்கள்.

"எனக்கு ஏழா?" என்றார் ஆபா. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அம்பது வருசமா ஜரிகை வேலை செய்றேன்மா நானு."

"ஆபா, அது வந்து… அந்த வளைவுல மட்டும் கொஞ்சம்…"

"சொல்லாத. சும்மா இரு."

நான் சும்மா இருந்தேன். பிஸ்கட் தட்டு தூரத்தில் இருந்தது.

மெர்சி டீச்சர் கிளியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு அம்பையும் விரலால் தொட்டார். "முப்பத்தஞ்சு வருசம் புள்ளைங்க நோட்டுல செவப்பு மையில நான் போட்டேன். வாங்கிக்கினா எப்டி இருக்கும்னு இன்னிக்கிதான் தெரியுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். நான் அழுதுவிட்டேன். மூக்கைச் சிந்தக் கையில் அகப்பட்டது குவில்ட்டின் முனை. நல்லவேளை, ஆபா பிடுங்கிக்கொண்டார்.

"அழுவாத. அழுது அதையும் நாசம் பண்ணாத" என்றார் ஆபா. "நாளைக்கு விசேசம். இப்ப பேஜார் பண்ணிக்கினு இருந்தா ஆவாது. டிசைன்னு சொல்லிட்லாம். வெள்ளில அம்பு போட்ட டிசைனு. யாருக்குத் தெரியப் போவுது?"

எல்லோரும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். எனக்காகத்தான் சரி என்றார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. என்னைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று அங்கேயே பேசி முடிவாயிற்று. ஆனாலும் டீ குடிக்கும்போது பாயில் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. தற்செயலாகக் கூட இருக்கலாம்.

இதில் எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட ஒரு விஷயம் தோன்றவில்லை. இதே குவில்ட்டை வேறெந்த ஊரில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் டிசைன் என்றால் நம்பியிருப்பார்கள். ஆம்பூரில் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகிறவர். சில்வர் அம்பு என்றால் என்ன என்று இங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

வளைகாப்பு கௌசல்யாவின் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. கை நிறைய கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் முன்னால் போய்க் குவில்ட்டை அவள் மடியில் விரித்தார்.

"ஐ! வெள்ளி அம்பு! டிசைனா டீச்சர்? சூப்பரா இருக்கு!" என்றாள் கௌசல்யா. சோளிங்கர்க்காரி அல்லவா? நான் மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. பந்தலில் முதல் வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். அது அடுத்த வரிசைக்குப் போனது. பிறகு கௌசல்யாவின் மாமியார் இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ராணியம்மா என்று பெயர். நான் அதற்கு முன் அவரைப் பார்த்ததில்லை, அல்லது பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது இன்னாம்மா?"

"டிசைன்" என்றார் ஆபா, கண்ணிமைக்காமல். "நாங்க எல்லாஞ் சேந்து போட்டது."

"ஆபா, நான் பதினாறு வருசம் மிசின்ல குந்தினவ. எனக்கு அம்பு தெரியாதா? ரிஜக்ட் பீஸு இது." ராணியம்மாவின் குரல் ஏறியது. "வயித்துப் புள்ளக்காரி மடில, நல்ல நாள்ல, ரிஜக்ட் பீஸக் கொண்டாந்து போடுவீங்களா?"

கௌசல்யாவின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குக் கூட்டத்தின் கடைசியில் ஒரு தூண் கிடைத்திருந்தது. அதன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து தெருவுக்கு இறங்கப் பத்தே அடி. முன்னால் மெர்சி டீச்சர் வாயைத் திறந்தார். "நாங்கதாம்மா போட்டோம், எங்க தப்புதான்" என்றார். கணக்கு டீச்சர் வாழ்க்கையிலேயே முதல்முதலாகப் பொய் சொல்கிறார், அதுவும் நான் செய்ததற்கு. அதைக் கேட்டுக்கொண்டு எப்படித் தூண் பின்னால் நிற்பது? கால் தானாக முன்னால் போயிற்று.

"அவங்க யாரும் இல்லம்மா. நான்தான் போட்டேன்" என்றேன்.

ராணியம்மா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுபடியும் குனிந்து அம்பைப் பார்த்தார். மறுபடியும் என்னை. அவர் முகத்தில் ஏதோ மாறியது.

"அம்பு வாலு கொஞ்சம் வளைஞ்சிருக்குதே, அப்பவே நெனச்சேன். பிரேமா மேடம்தானே நீ? மூணாம் நம்பர் லைனு?"

பதினைந்து வருடத்துக்கு முன்னால் மூன்றாம் நம்பர் லைனில் ராணி என்று ஒருத்தி இருந்தாள். வேகமான கை. வேகத்தில் பிசிறு வெட்ட மறந்துவிடுவாள். நான் முகத்தைப் பார்க்காமல் தையலையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கோ என் அம்பின் வால்கூட ஞாபகம் இருக்கிறது.

"ஆமாம்மா" என்றேன்.

"இதுல எத்தினி அம்பு?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணு தப்பு கண்டுபுடிச்சே. அப்பறம் ஏன் திருப்பி அனுப்பல? ஓரம் கட்டி, மடிச்சி, எம்மருமவ மடி வரைக்கும் கொண்டாந்திருக்கே?"

"பாஸ் பண்ணிட்டேன்."

"இன்னாது?"

"பாஸ் பண்ணிட்டேன்மா."

"எனக்கு ஒரே ஒரு பிசிறுக்கு முப்பது ஜோடி திருப்பி அனுப்பினியே, அன்னிக்கி நான் வூட்டுக்குப் போயி சோறு துன்னல. இவங்களுக்கு மட்டும் நாப்பத்தொண்ணு தப்போட பாஸா? எந்த ஊரு நாயம் இது?"

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் உள்ளதைச் சொன்னேன். "இவங்க என் கூடக் குந்தி சாப்புடுவாங்கம்மா. கம்பெனில யாரும் என் கூடக் குந்தினதில்ல."

சொல்லிவிட்டேன். நான்கு தெருவுக்கும் கேட்கிற மாதிரி. காது இரண்டும் எரிந்தது.

ராணியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எப்டி குந்துவாங்க? சோத்துலயும் அம்பு போட்டு அனுப்புவன்னு பயம்!"

முதலில் சிரித்தது ஷகீலா ஆபா. அப்புறம் முதல் வரிசை. அதில் நான்கு பேர் எங்கள் கம்பெனியில் இருந்தவர்கள் என்பது அவர்கள் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. பதினைந்து வருடமாக அடக்கிவைத்த சிரிப்பு அது. மெர்சி டீச்சர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கௌசல்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க அத்த, உள்ள ஒதைக்குது" என்றாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர வர.

பந்தி போட்டபோது ஓரமாக நின்றேன். ராணியம்மா ஒரு தட்டில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் வைத்து என் கையில் கொடுத்தார். இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஆபா. எதிரில் டீச்சர். மூன்று பேரும் சாப்பிடாமல் என் வாயையே பார்த்தார்கள்.

"சொல்லு மேடம். எலுமிச்ச சாதம் எப்டி?"

நல்லா இருக்கு என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். கர்த்தர் மேல் ஆணை.

"உப்பு கொஞ்சம் கம்மி."

ராணியம்மா ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். திரும்பி அடுப்பங்கரைப் பக்கம் பார்த்து, "ஏண்டி, உப்பு கம்மின்னு அப்பவே சொன்னேன் இல்ல? செக்கிங் மேடம் சொல்றாங்க பாரு, எலுமிச்ச சாதத்த ரீவொர்க்குக்கு எடு!" என்று கத்தினார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு டீச்சர் வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் பையோடு ராணியம்மா வந்து நின்றார். குரோஷா கற்றுக்கொள்ள வந்தாராம். எனக்குத் தெரியும், என்னைக் கண்காணிக்கத்தான் வந்தார். பதினாறு வருடக் கணக்கை அவர் இன்னும் தீர்த்துக்கொண்டிருக்கிறார். என் தையலில் ஒன்று கோணினால் போதும், டீச்சருடைய சிவப்புப் பேனாவை வாங்கிவிடுவார். மற்றவர்களும் இப்போது தைத்து முடித்ததும் என் முன்னால் விரித்து, "எங்க தப்பு, காட்டு பாக்கலாம்" என்கிறார்கள். காட்டினால் சண்டை போடுகிறார்கள். பிறகு டீ குடிக்கிறோம்.

அந்தக் குழந்தை பெண் குழந்தை. யாழினி. நான்கு வயதாகிறது. இந்த அம்புக் குவில்ட் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. எத்தனையோ முறை துவைத்தாயிற்று. ஜரிகை கறுத்துப்போயிற்று, கிளி வெளுத்துப்போயிற்று, அம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பேச ஆரம்பித்த புதிதில், "இது இன்னா பாட்டி?" என்று அவள் கேட்டபோது ராணியம்மா, "பிரேமா பாட்டி உன் போர்வையப் பூரா பாத்து, பாத்த எடத்துலல்லாம் போட்டது" என்று சொல்லிவைத்திருக்கிறார். தப்பு என்று சொல்லவில்லை.

போன மாதம் அவளுக்குத் தம்பி பிறந்தான். அவனுக்கும் ஒரு குவில்ட் தைத்தோம், இந்தத் தடவை பத்துக் கட்டம், ராணியம்மாவையும் சேர்த்து. ஓரப்பட்டி நான்தான். தைத்து முடிக்கிற வரைக்கும் பேனாவைக் கம்பெனியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். போன் வந்தாலும் எடுக்கவே இல்லை.

எல்லோரும் சேர்ந்து கொண்டுபோய்த் தொட்டில் பக்கத்தில் விரித்தோம். யாழினி முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கையால் தடவித் தடவிப் பார்த்தாள். திருப்பி அடிப்பக்கமும் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"இதுல ஒண்ணுமே இல்லியே."

"இன்னாடி இல்ல?" என்றார் ராணியம்மா.

"அம்பு. தம்பியோடத யாருமே பாக்கலியா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தம்பிக்காக அழுகிறாள். மற்ற ஒன்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "கேக்குறா இல்ல? பதில் சொல்லு மேடம்" என்றார் ராணியம்மா.

நான் யாழினியைப் பக்கத்தில் இழுத்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

"பாத்தேன் கண்ணு. ரெண்டு தடவ பாத்தேன். இருவத்தாறு."

"இருவத்தாறா!" என்று ஆபா கத்தியதில் தொட்டிலில் இருந்தவன் விழித்துக்கொண்டான். எது, எங்கே, யாருக்கு எத்தனை என்று ஒன்பது பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த அமளிக்கு நடுவில் யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி" என்று சொல்லி, குவில்ட்டைப் பிடுங்கித் தம்பி மேல் போர்த்தினாள்.

இப்போது என் வீட்டிலும் ராணியம்மா வீட்டிலும் யாராவது புதுச் சட்டை போட்டாலும், புதிதாக ஒரு குழம்பு வைத்தாலும், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாருமே பாக்கலியா?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு போகிறேன்.